செங்குத்துக்கு நான் சொன்ன பொருள்

பத்தாம் வகுப்புத் துணைத் தேர்வில், கணக்குப் பரீட்சைக்குச் சொல்வதை எழுதுபவராக என்னைப் போட்டிருப்பதாக ஆணை வந்ததும் நேராகத் தலைமையாசிரியர் அறைக்குப் போய்ச் சண்டை போட்டேன். இருபத்தாறு வருஷமாகத் தமிழ் நடத்துகிறவள் நான். கணக்கு என்றால் பள்ளி நாளிலிருந்தே எனக்கு ஆகாது. பத்தாம் வகுப்பில் அதை ஒருவழியாகத் தாண்டியதோடு, இனி உன் சங்காத்தமே வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டு வந்தவள். கையில் அடிபட்டு எழுத முடியாத ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்லக் கணக்கு எழுத நான்தானா கிடைத்தேன்?

“கணக்குத் தெரியாதவங்கதான் வேணுமுங்க டீச்சர்,” என்றார் தலைமையாசிரியர். “தெரிஞ்சவங்களைப் போட்டா அவங்களே போட்டுக் குடுத்துருவாங்கன்னு பயப்படறாங்க. அதுக்கு உங்களை உட்டா நம்ம ஸ்கூல்ல வேற தகுதியான ஆளு இல்லீங்க.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருந்தாலும் ஆணை ஆணைதான்.

எங்கள் பள்ளி சேவூரில். தேர்வு மையம் வேலம்பாளையத்தில். அன்று காலை ஏறிய பஸ்ஸில், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்க, டிபன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற பெண்களுக்கு நடுவே நானும் நசுங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். விளையாட்டுச் சாமான்கள் போட்டு வைக்கும் கீழ்த்தள அறையை எங்களுக்காக ஒதுக்கியிருந்தார்கள். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, மூலையில் காற்றுப் போன கால்பந்துகள். மையத்தின் முதன்மைக் கண்காணிப்பாளர் விதிகளைப் படித்துக் காட்டினார். கேள்வியை எத்தனை தடவை வேண்டுமானாலும் வாசிக்கலாம். விளக்கம் சொல்லக் கூடாது. அவர் சொல்வதை மட்டும் எழுத வேண்டும், தப்பாகச் சொன்னாலும் தப்பாகவே எழுத வேண்டும். சொல்லிக் கொடுத்தது தெரிந்தால் தேர்வரின் தாளும் ரத்தாகும், என் மேலும் நடவடிக்கை வரும். தலையாட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

தேர்வர் என்றதும் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையை எதிர்பார்த்திருந்தேன். வந்தவளுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கும். தெற்குச் சீமையிலிருந்து கல்யாணமான புதிதில் திருப்பூர் வந்து, பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் தைத்துக்கொண்டிருந்தவள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கணவரோடு பைக்கில் போகும்போது நாய் குறுக்கே வந்து, விழுந்து, வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. பிளேட் வைத்தும் விரல்கள் மடங்கவில்லை. அந்தக் கை மேசைமேல் வைத்தது வைத்தபடி கிடந்தது.

மணி அடிக்க நேரம் இருந்ததால் பேசிக்கொண்டிருந்தோம். பதட்டத்தில் இருப்பவர்கள் ஒன்று வாயே திறக்க மாட்டார்கள், இல்லாவிட்டால் மூச்சுவிடாமல் பேசுவார்கள். இவள் இரண்டாவது வகை.

“இனிமே மிஷின்ல உக்கார முடியாதுங்க டீச்சர். எங்க கம்பெனி ஸ்டோர்ல, பட்டன், லேபிள், நூலு எல்லாம் எது வந்துச்சு எது போச்சுன்னு கம்ப்யூட்டர்ல ஏத்துத வேலை ஒண்ணு இருக்கு. இடது கையாலயே டைப் அடிக்கப் படிச்சுட்டேன். மேனேஜர் சரின்னுட்டாவ. ஆனா பத்தாவது பாஸ் சர்டிபிகேட் வேணுமாம், ஆடிட்டுக்கு வாறவங்க கேப்பாங்களாம். மத்த பாடம் எல்லாம் முடிச்சுட்டேன். இது ஒண்ணுதான் மல்லுக்கு நிக்குது. ரிசல்ட் வார வரைக்கும் அந்த எடத்த வச்சிருக்கேம்னு சொல்லியிருக்காவ.”

தெற்குத் தமிழில் எங்கள் ஊர் ‘ங்க’வை அங்கங்கே ஒட்டிக்கொண்டு பேசினாள். கேட்க நன்றாயிருந்தது. இதற்கு முன் இரண்டு தடவை கணக்கு எழுதியிருக்கிறாளாம். இரண்டு தடவையும் இடது கையாலேயே எழுதி, பாதித் தாளில் நேரம் முடிந்துவிட்டது. எழுத ஆள் கேட்கலாம் என்பதே இப்போதுதான் தெரிந்திருக்கிறது.

“இந்தத் தடவை வந்துரும் டீச்சர். எனக்குத் தெரிஞ்சத எழுத ஒரு கைதான் இல்ல. இப்ப நீங்க வந்துட்டீங்க.”

கேள்வித்தாள் வந்தது.

முதல் ஒரு மணி நேரம் நன்றாகத்தான் போயிற்று. அவள் சொன்னாள், நான் எழுதினேன். வடிவியல் வரைபடத்துக்கு வந்தபோதுதான் கூத்து. “காம்பஸ் முனைய அந்தப் புள்ளியில வைங்க, ஆறு சென்டிமீட்டர் எடுங்க, சுத்துங்க” என்றாள். நான் சுற்றிய வட்டம் புறப்பட்ட இடத்துக்கு வந்து சேரவில்லை. “பரவாயில்லங்க, இன்னொரு தடவ” என்று எனக்கே தைரியம் சொன்னாள். மூன்றாவது வட்டம் மூடிக்கொண்டதும் இரண்டு பேருமே சிரித்துவிட்டோம். வாசலில் நடந்துகொண்டிருந்த கண்காணிப்பாளர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பிறகு ஒரு சின்னக் கணக்கில், “ஏழெட்டு ஐம்பத்து நாலு” என்றாள்.

என் பேனா நின்றுவிட்டது. எவ்வளவு கணக்குத் தெரியாதவளானாலும் வாய்ப்பாடு எனக்குத் தெரியும். “ஏழெட்டு…” என்று இழுத்தேன். “ஐம்பத்து நாலுங்க” என்றாள் அடித்துச் சொல்கிற மாதிரி. விதி விதிதான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஐம்பத்து நாலு என்று எழுதினேன். அந்தத் தப்பு அடுத்த வரிக்கும், அதற்கடுத்த வரிக்கும் இறங்கிக்கொண்டே போயிற்று. எல்லாவற்றையும் என் குண்டுக் கையெழுத்தில் அழகாக எழுதிக் கொடுத்தேன். எனக்கு அவள்மேல் கோபம், விதிமேல் கோபம், எல்லாவற்றையும்விட என்மேல் கோபம். பக்கத்தில் ஒருத்தி குழியில் கால் வைக்கிறாள் என்று தெரிந்தும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கவா ஒருத்தி சம்பளம் வாங்குகிறாள்?

அந்த எரிச்சல் அடங்குவதற்குள் அடுத்த ஐந்து மதிப்பெண் கேள்வி வந்தது. நான் வாசித்தேன். (2, 5) என்ற புள்ளி வழியாகச் செல்வதும், 3x − 4y + 7 = 0 என்ற நேர்க்கோட்டிற்குச் செங்குத்தானதுமான நேர்க்கோட்டின் சமன்பாட்டைக் காண்க.

“இது தெரியும்” என்றாள் உடனே. “எண்ணு ரெண்டையும் எடம் மாத்தணும். நடுவுல இருக்க குறியையும் மாத்தணும். 4x + 3y + k = 0 எழுதுங்க.”

எழுதினேன். அப்படியே தொடர்ந்திருந்தால் இந்தக் கதையே கிடையாது. ஆனால் அவள் நிறுத்திவிட்டாள். முகத்தில் சந்தேகம் வந்துவிட்டது.

“இது செங்குத்துக்கா, இணையான கோட்டுக்கா? ரெண்டுக்கும் ரெண்டு வழி படிச்சேன். எதுக்கு எதுன்னு இப்பப் போயி…”

கண்ணை மூடி யோசித்தாள். பிறகு, மடங்காத வலது கையை மேசைமேல் சாய்வாக வைத்தாள். அதன்மேல் இடது கையைக் குறுக்காக, கூட்டல் குறி போல மூலை மட்டமாக வைத்தாள். இரண்டு கையும் கோணலாகக் கிடந்தன. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“இப்படித்தான டீச்சர் செங்குத்துன்னா?”

அவள் கேட்டது கணக்கு அல்ல, ஒரு தமிழ்ச் சொல்லுக்குப் பொருள். இரண்டு மணி நேரமாக ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரிந்த ஒரே கேள்வி. கணக்கைச் சொல்லக் கூடாது என்றுதானே விதி, சொல்லுக்குப் பொருள் சொன்னால் என்ன என்று எனக்கு நானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன். வாசலைப் பார்த்தேன். யாரும் இல்லை.

“அது கோணலா இருக்குது கண்ணு,” என்றேன் தணிந்த குரலில். “செங்குத்துன்னா நட்டமா, நேரா மேல நிக்கறது. செங்குத்தான மலைன்னு சொல்றமல்ல, அது.” சொன்னதோடு விட்டேனா? கையில் இருந்த பேனாவை மேசைமேல் நட்டுவைத்துக் காட்டினேன்.

அவள் பேனாவையே பார்த்தாள். முகம் தெளிந்துவிட்டது.

“நிக்குத கோடா? நிக்குத கோடுன்னா வெறும் x தாங்க. புள்ளியில x எவ்வளவு, ரெண்டு. x = 2. அவ்வளவுதான். மேல எழுதினத அடிச்சிருங்க டீச்சர்.”

4x + 3y + k = 0 என்பதை ஸ்கேல் வைத்து நேராக ஒரு கோடு போட்டு அடித்தேன். கீழே x = 2 என்று எழுதினேன். அஞ்சு மார்க்குக்கு இவ்வளவு லேசா என்று அவள் ஆச்சரியப்பட்டாள். எனக்கும் மனசு லேசாயிருந்தது. ஐம்பத்து நாலுக்கு ஈடு கட்டிவிட்ட திருப்தி.

தேர்வு முடிந்து வெளியே வந்ததும், கும்பிட ஒரு கை வராமல், இடது கையை மட்டும் நெஞ்சில் வைத்துத் தலை குனிந்தாள். முப்பத்தைந்து கட்டாயம் வரும், நாற்பது வந்தாலும் வரும் என்றாள். பஸ்ஸில் உட்கார இடம்கூடக் கிடைத்தது. ஏதோ பெரிய காரியம் செய்துவிட்டவளாக ஊர் திரும்பினேன்.

மறுநாள் ஆசிரியர் அறையில் எங்கள் கணக்கு ஆசிரியரைச் சீண்டினேன். வயதில் சின்னவர், நல்ல பிள்ளை.

“என்னமோ பெரிய கணக்கு கணக்குன்னு பயமுறுத்துறீங்களே தம்பி. அஞ்சு மார்க்குக் கேள்விக்கு ஒரே வரிதான் பதில். x = 2.”

“எந்தக் கேள்விங்க டீச்சர்?”

சொன்னேன். அவர் காகிதத்தில் எழுதிப் பார்க்கக்கூட இல்லை. “அதுக்கு x = 2 வராதுங்களே” என்றார்.

“செங்குத்துன்னா நேரா நிக்கற கோடுதானுங்க?”

“ஏனுங்க டீச்சர், நீங்களுமா?” மேசையில் கிடந்த இரண்டு ஸ்கேலை எடுத்தார். ஒன்றைச் சாய்த்து வைத்தார். இன்னொன்றை அதன்மேல் குறுக்காக, மூலை மட்டமாக வைத்தார். “ஒண்ணுக்கொண்ணு தொண்ணூறு டிகிரி, அதுதானுங்க செங்குத்து. அடியில இருக்கறது படுத்திருந்தா மேல இருக்கறது நட்டமா நிக்கும். இந்தக் கோடு சாஞ்சிருக்குது, அப்ப அதுவும் சாஞ்சுதானுங்க நிக்கும். இதுல வெனையே அந்தப் பேருதான். வருசத்துக்கு நாலு பேராச்சும் இப்புடி x = 2ன்னு எழுதி வெச்சுட்டு வருவாங்க. அதுலயும் தமிழ்ல கெட்டிக்காரப் பசங்கதான் வசமா மாட்டுவாங்க.”

இரண்டு ஸ்கேலும் கோணலாகக் கிடந்தன. நேற்று மேசைமேல் அவள் வைத்துக் காட்டிய இரண்டு கைகளும் இதே மாதிரிதான் கிடந்தன. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“அப்ப எண்ணை இடம் மாத்தி, குறியை மாத்தி, 4x + 3y + k ன்னு எழுதுனா?”

“அதுதானுங்க வழி. k மட்டும் கண்டுபுடிச்சா அஞ்சு மார்க்கு. x = 2ன்னு யாருங்க எழுதுனது?”

“அந்தப் பொண்ணு சொல்லுச்சு, நான் எழுதினேன்” என்றேன். ஆசிரியத் தொழிலில் நான் கூசாமல் சொன்ன பெரிய பொய் அதுதான்.

வீட்டுக்குப் போனதும் அகராதியை எடுத்துப் பார்த்தேன். செங்குத்து என்பதற்கு நேர் நிமிர்வு என்றுதான் போட்டிருந்தது. அகராதி முழுக்க என் பக்கம்தான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு யாரிடம் போய் வழக்காடுவது? பேச வேண்டிய இடத்தில், ஐம்பத்து நாலில், வாயை மூடிக்கொண்டிருந்தேன். மூட வேண்டிய இடத்தில் முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டேன். அவளுக்குத் தெரிந்திருந்தது. எழுத ஒரு கைதான் இல்லாமல் இருந்தது. அந்தக் கையாகப் போன நான், தெரிந்ததையும் கோடு போட்டு அடித்துவிட்டு வந்திருக்கிறேன்.

அதற்குப் பின் வந்த நாட்களில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தாள்கள் அரக்கு வைத்து எங்கேயோ போய்விட்டன. தப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுக்கலாம்தான். கொடுத்தால் முதலில் ரத்தாவது அவள் தாள். அடுத்த சில தேர்வுகளுக்கு அவளை உட்காரவே விடாமலும் போகலாம். அதற்கப்புறம்தான் என்மேல் நடவடிக்கை. அவளுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று சொன்னால் அதில் பாதிதான் உண்மை. மற்ற பாதி, எனக்கு ஓய்வு பெற இன்னும் ஆறு வருஷம் இருக்கிறது என்பது. இரண்டு பாதியும் ஒரே பக்கம் இழுத்ததால் சும்மா இருப்பது சுலபமாயிருந்தது. அந்தச் சுலபம்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஐந்து போனாலும் மற்றதில் வந்துவிடும் என்று தினமும் ஒரு தடவை என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

முடிவு வந்த அன்று, அவளுடைய பதிவெண்ணைப் போட்டுப் பார்த்தேன். முகப்புத் தாளில் நானே எழுதிய எண், மறக்கவில்லை. அதிலேயே இருந்த பிறந்த தேதியும் நினைவிருந்தது. முப்பத்தொன்று.

முப்பத்தொன்றோடு ஐந்தைக் கூட்ட எனக்குக் கணக்கு ஆசிரியர் தேவைப்படவில்லை.

அடுத்த வாரம் ஒருநாள் மாலை, பள்ளி விட்டு வெளியே வந்தால் வாசலில் அவள் நிற்கிறாள். கம்பெனியில் இப்போது பார்க்கும் எடுபிடி வேலைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, இரண்டு பஸ் மாறி, சேவூருக்கு வந்திருக்கிறாள். எந்த ஊர் டீச்சர் என்று தேர்வு மையத்தில் விசாரித்துத் தெரிந்துகொண்டாளாம். திட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். திட்டட்டும் என்றுகூட இருந்தது.

அவள் பையிலிருந்து அன்றைய கேள்வித்தாளை எடுத்தாள். ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் பென்சிலில், இடது கை எழுத்தில், கிடைத்திருக்க வேண்டிய மதிப்பெண்ணைக் குறித்திருந்தாள்.

“கூட்டிப் பாத்தா முப்பத்தஞ்சுக்கு மேல வருதுங்க டீச்சர். எங்கயோ கூட்டுததுல விட்டுட்டாவ. மறுகூட்டலுக்குப் போடலாம்னு இருக்கேன். மேனேஜர் அது வரைக்கும் பாப்பமின்னு சொல்லியிருக்காவ. அந்த வேலைக்கு வேற ஒரு பிள்ளயும் கேட்டுக்கிட்டு இருக்கு. பணம் கட்டுததுக்கு முன்னால உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடலாம்னு வந்தேன். நீங்கதான எழுதினீக, உங்களுக்குத் தெரியும்ல.”

பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். அவள் ஒவ்வொரு கணக்காகச் சொல்லிக்கொண்டே வந்தாள். இதில் ரெண்டு, இதில் நாலு, வட்டத்துக்கு ஏழு மார்க்காவது போட்டிருப்பார்கள். செங்குத்துக் கேள்விக்கு எதிரே ஐந்து என்று எழுதி, சுற்றி ஒரு வட்டமும் போட்டிருந்தாள்.

“எல்லாத்துலயும் சந்தேகம் இருக்கு. இது ஒண்ணுதான் உறுதி. நான் தப்பாப் போக இருந்தேன், நல்லவேளை நீங்க சொன்னீங்க.”

நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை. நான் நிழற்குடையின் சிமென்ட் பலகையில் உட்கார்ந்துவிட்டேன். எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்து யோசித்து, கடைசியில் எந்தப் பூச்சும் மெழுகலும் இல்லாமல் சொன்னேன்.

“கண்ணு, அது தப்பு. நான் சொன்ன பொருள் அந்தக் கணக்குக்குத் தப்பு. நீ முதல்ல சொன்னதுதான் சரி. நான்தான் கெடுத்துப்போட்டேன். மறுகூட்டலுக்குப் போட்டாலும் ஒண்ணும் வராது சாமி.”

அவளுக்கு உடனே புரியவில்லை. கேள்வித்தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“4x + 3y + k, அதா சரி?”

“அதுதான்.”

உதடு அசைய அங்கேயே போட ஆரம்பித்தாள். “நாலு ரெண்டு எட்டு. மூவஞ்சு பதினஞ்சு. இருபத்து மூணு. அப்ப k மைனஸ் இருபத்து மூணு. 4x + 3y − 23 = 0.” முழுசாக அரை நிமிஷம்கூட ஆகவில்லை. “இதான டீச்சர்?”

“இதுதான்” என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. அவள் முகத்தில், நம்ப முடியாத ஒரு சந்தோஷம் வந்து நின்றது.

“அப்ப எனக்குத் தெரிஞ்சிருக்கு. நான் பாஸ்தான. இத யாருகிட்டப் போயிச் சொல்லணும் டீச்சர்? நீங்க கூட வந்து சொன்னா மார்க்கு போட்டுருவாங்கள்ல?”

யாரிடமும் சொல்ல முடியாது என்றேன். சொன்னால் உன் தாளையே ரத்து செய்துவிடுவார்கள், அடுத்த தடவையும் எழுத விடமாட்டார்கள் என்றேன். என்மேலும் நடவடிக்கை எடுப்பார்கள், என் வேலைக்கும் ஆபத்து என்று அதையும் சேர்த்துச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அவள் கேள்வித்தாளை நாலாக மடித்தாள். ஒரு கையால் மடிக்க நேரம் பிடித்தது. பையில் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டுத்தான் பேசினாள்.

“உங்க வேலைக்கு ஆபத்துன்னா வேண்டாம் டீச்சர்” என்றாள். “ரெண்டு பேருக்கும் வேலை போகக் கூடாதுல்ல.”

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் நான். என் வேலை போனால் போகட்டும் என்று, பொய்யாகவாவது. பஸ் வருகிறதா என்று சாலையைப் பார்த்தேன். பஸ் வந்தது. அவள் இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறினாள்.